அடுத்த கப்பல் றேடியோ

எங்கள் வீட்டில் றேடியோ இல்லாமல் இருந்ததற்குக் காரணம் வறுமை அல்ல, புத்தி. அப்பாவுக்கு அது கொஞ்சம் கூடுதலாக இருந்தது. புத்தி குறைந்த அயலவர்கள் கிடைத்த றேடியோவை வாங்கிவந்து வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அடுத்த மொடலுக்காகக் காத்திருந்தோம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அதுவரை றேடியோ என்றால் மரப்பெட்டி. உள்ளே வால்வுகள் சூடேறி அது வாய் திறப்பதற்குள் அம்மா தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக் கோப்பையையும் கழுவிவிடலாம். அப்போதுதான் புளியந்தீவுக் கடைத்தெருவில் ட்ரான்சிஸ்டர் வந்து இறங்கியது. கரண்ட் வேண்டாம், கூரைக்கு மேல் கம்பி இழுக்க வேண்டாம், பற்றறியைப் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டு வாவிக்கரை முழுக்க நடக்கலாம். அதைக் கண்ட நாளிலிருந்து மரப்பெட்டிகளைப் பார்த்தாலே எனக்கு இளக்காரம். வயது ஒன்பதோ பத்தோ. உலகத்தின் எதிர்காலம் என் காற்சட்டைப் பைக்குள் அடங்கப்போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா காணி அளக்கிற அரசாங்கக் கந்தோரில் காணிப்படம் கீறுகிற உத்தியோகத்தர். ஒரு கோடு மயிரளவு பிசகினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவார். அப்படிப்பட்டவர் றேடியோவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவாரா? சனிக்கிழமைகளில் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு காக்காவின் கடைக்குப் போவார். காத்தான்குடி முஸ்லிமான அவரை ஊரே காக்கா, அண்ணன், என்றுதான் கூப்பிடும். றேடியோ, டோர்ச், மணிக்கூடு எல்லாம் விற்றார். புதிதாக வந்ததை எடுத்து மேசையில் வைப்பார். அப்பா அதை வலக்காதில் பிடிப்பார். இடக்காதுக்கு மாற்றுவார். சத்தத்தை முழுக்கத் திருப்புவார். தெருவில் போகிற மாடு மிரளும். பிறகு தலையை ஆட்டிவிட்டு மேசையில் திருப்பி வைப்பார்.

“தெளிவில்ல காக்கா. சத்தம் கலங்கி வருது.”

“இதுவா கலங்குது? கல்முனையில இரிக்கிறவனுக்கும் கேக்குதே ஐயா!”

“அடுத்த கப்பல்ல இதவிட நல்ல மொடல் வருமெண்டீங்களே?”

“வரும். அதுக்கடுத்த கப்பல்ல அதவிட நல்லது வரும். மறுகா அதவிட நல்லது வரும். நானும் நீங்களும் மௌத்தாப் போன பொறகும் கப்பல் வந்துகொண்டுதான் இரிக்கும்.”

காக்கா இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. சைக்கிள் பாரில் வெறுங்கையோடு வீடு திரும்புவது எவ்வளவு கேவலம் என்று கடைக்காரருக்கு எங்கே தெரியும்?

தெருவிலோ அப்பாவுக்கு இதனால் மதிப்புக் கூடியது. அவசரப்பட்டு வாங்கியவர்கள்கூடத் தங்கள் பெட்டி கரகரக்கும்போது, “கந்தோர் ஐயாதான் கெட்டிக்காரர், பொறுத்திரிக்கிறார்” என்றார்கள். கெட்டிக்காரரின் மகனாக இருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் அக்கா வந்து நெருப்பை வைத்தாள். அவள் ஆசிரியர் கலாசாலையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்தவள், அப்பா சாப்பிட்டுக் கை கழுவும்வரை காத்திருந்து, நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

“அப்பா, நத்தார் கிழமை றேடியோவில எங்கட கலாசாலைப் பிள்ளைகள் பாட்டு வைக்கப் போறாங்க. நடுவில ரெண்டு அடி நான் தனியாப் பாடுவன்.”

“தனியாவா?”

“ஓம் அப்பா. தனியா.”

அப்பா திரும்பி நடந்தார். முற்றத்தில் இறங்கி, காலையில்தான் துடைத்து வைத்த சைக்கிளை மறுபடி துடைக்கத் தொடங்கினார். எங்கள் கோயில் பாடகர் குழுவை ஒரு காலத்தில் நடத்தியவர் அவர். அக்காவின் தொண்டையைப் பழக்கி எடுத்தவரும் அவர்தான். கந்தோரில் வேலை கூடிவிட்டது என்று சொல்லிச் சில வருடம் முந்தி அதையெல்லாம் விட்டிருந்தார். எனக்கு அதில் வருத்தமில்லை. பாட்டுப் பழக்கும்போது அவர் அக்காவைப் படுத்திய பாட்டைப் பார்த்து, அடுத்தது என் முறையோ என்று நடுங்கியிருந்தவன் நான்.

ஆனால் றேடியோ விஷயத்தில் இனி விடுவதாக இல்லை. அன்றே முடிவெடுத்தேன்: டிசம்பர் இருபத்தைந்தில் வரும் நத்தாருக்கு முந்தி வீட்டில் ட்ரான்சிஸ்டர் வந்தாக வேண்டும். முடிவெடுத்த கையோடு வகுப்பிலும் அறிவித்துவிட்டேன். எங்கள் றேடியோ பைக்குள் அடங்கும், அதற்குள்ளிருந்து எங்கள் அக்கா பாடுவாள், விரும்பியவர்கள் வந்து கேட்கலாம். இதற்குப் பிறகு பின்வாங்க வழியே இல்லை.

போராட்டத்தின் முதற்கட்டம் உண்ணாவிரதம். காலையில் தொடங்கி வெற்றிகரமாக நடந்தது. மத்தியானம் அம்மா வாவி நண்டைக் கறியாக்கினாள். வாசம் வாசல்வரை வந்ததும், எதிரிக்குச் சாதகமாகிவிடக்கூடாதே என்று போராட்டத்தை வேறு வழியில் நடத்தத் தீர்மானித்தேன். இரண்டாம் கட்டம் செபம். றேடியோ செய்கிற ஜப்பான்காரர்கள் கொஞ்ச நாளைக்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்காமல் இருக்க அவர்களுக்கு இலேசான காய்ச்சல் கொடுக்கும்படி ஆண்டவரைக் கேட்டேன். சாகிற காய்ச்சல் அல்ல என்பதையும் தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

ஒக்டோபர் வாக்கில் காக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். வெளிநாட்டுச் சாமான் வருவதை அரசாங்கம் நிறுத்தப்போகிறதாம். கடையில் இருப்பதுதான் மிச்சமாம். அது வியாபாரத் தந்திரமோ உண்மையோ, நான் நம்பிவிட்டேன். இனி இந்த உலகத்தில் கப்பல் என்பதே கிடையாது, நான் கிழவனாகிக் கோலூன்றிப் பள்ளிக்கூட வாசலால் போகும்போதும் என் வகுப்புப் பெடியன்கள் கிழவன்களாக நின்று “றேடியோ எங்கடா?” என்று கேட்பார்கள் என்றெல்லாம் தோன்றியது. அப்பாவிடம் ஓடினேன். அவர் மேசையில் குனிந்து ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, கப்பல் வராட்டி என்ன செய்யிற?”

“என்ன?”

“கப்பல் வராட்டி!”

“ஏன் மனே கத்துறாய்? வரும்.”

எங்கள் வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். அம்மா அப்பாவைச் சோறு தின்னக் கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கும் பசிக்கும். குடும்பம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். மெதுவாகப் பேசுகிற வீடுகளுக்குப் போனால், இங்கே யாருக்கோ சுகமில்லை போல என்று எண்ணுவேன்.

டிசம்பர் பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. வாவி தளம்பி எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை வரைக்கும் ஏறியது. அக்கா விடுமுறைக்கு வந்துவிட்டாள். கொழும்பில் பாட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போடுவார்களாம். சனிக்கிழமையாகியும் எங்கள் வீட்டில் றேடியோ இல்லை. நான் அழுதேன் என்று அக்கா இப்போதும் சொல்கிறாள். அது மழைத்தண்ணீர்.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்டதும் அப்பா சைக்கிளை எடுத்தார். நான் ஓடிப்போய்ப் பாரில் ஏறிக்கொண்டேன்.

காக்கா ஒரு ட்ரான்சிஸ்டரை எங்களுக்காகவே ஒளித்து வைத்திருந்தார். தோல் உறை போட்டது, தோளில் மாட்ட வார் உள்ளது. கண்டதும் என் கை அந்த வாரைப் பிடித்துக்கொண்டது. அப்பா வழக்கம்போல வலக்காது, இடக்காது, முழுச்சத்தம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதை மேசையில் வைத்துவிட்டு, களைத்துப்போனவர் போல, பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த ஒரு பழைய மரப்பெட்டி றேடியோவில் முழங்கையை ஊன்றினார். காக்கா தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற பெட்டி அது.

ஊன்றிய கையை அப்பா எடுக்கவில்லை. கையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து கன்னத்தை அதன் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

கல்லடிப் பக்கம் நிலவு நாளில் தோணியில் போகிறவர்கள் துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து, மீன் பாடுகிறது என்று கேட்பார்கள். காக்காவுக்கு அந்த ஞாபகம் வந்துவிட்டது.

“என்னையா, மீன் பாட்டா கேக்குது?”

அப்பா நிமிர்ந்தார். “காக்கா, இதக் கட்டித் தாங்க.”

“இதையா? ஐயா, இது பழசு. நான் வாடிக்கைக்குக் காட்டுறதுக்கு வெச்சது. ஆளை ஏமாத்திட்டான் எண்டு ஊர் என்னைத்தான் ஏசும்.”

“தெளிவாக் கேக்குது.”

“அப்பா! பழசு அப்பா!” என்று நான் அலறினேன். “அடுத்த கப்பல் வரட்டும் அப்பா! நாங்க பொறுப்பம்!”

இத்தனை மாதம் இன்றே வாங்க வேண்டும் என்று போராடியவன்தான். கட்சி மாற எனக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. காக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவுமில்லை, அசையவுமில்லை. நெடுங்காலமாக யோசித்துக்கொண்டிருந்த மனிதர் அன்றைக்கு யோசிக்கவே இல்லை. பெட்டியைச் சாக்கால் மூடிக் கயிறு போட்டுச் சைக்கிள் கரியரில் கட்டினார்கள். வாவிக்கரை வழியே அப்பா உருட்ட, நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். கயிறு அவிழ்ந்து அது தண்ணிக்குள் போகாதா என்று ஆசைப்பட்டேன். அப்பா போட்ட முடிச்சு, அவிழவில்லை.

ஞாயிறு பின்னேரம் நான் அழைத்த பாவத்துக்கு வகுப்புப் பெடியன்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மேசையில் குந்தியிருந்த பெட்டியை ஒருவன் சுற்றி வந்து பார்த்தான்.

“இது அடங்கிற காற்சட்டைய எங்கடா தைச்ச நீ? கூடாரத் துணியிலயா?”

மானம் கப்பலேறியது. அந்தக் கப்பல் மட்டும் சுணங்காமல் போனது.

பெட்டியில் பச்சை வெளிச்சம் மெல்ல மலர்ந்தது. சூடேறியது. ஓடுகளில் மழை கொட்டத் தொடங்கியது. அறிவிப்பாளர் ஏதோ சொல்லி முடித்ததும் பாட்டு எழுந்தது, ஒரு கூட்டமாக. அப்பா கதிரையை இழுத்துப் போட்டு, மேசையில் கவிழ்ந்து, கன்னத்தைப் பெட்டியில் அழுத்தி, இரண்டு கைகளாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெடியன்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

“அப்பா, தள்ளுங்க! மத்த ஆக்களும் கேக்கோணும்!” என்று நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“விடு மனே,” என்றாள் அம்மா. “மழைக்குக் கேக்காதுதானே.”

கூட்டம் அடங்கியது. அக்காவின் குரல் தனியாக வந்தது. அக்கா கதவோரம் நின்றாள். அவளுடைய பாட்டை அவள் கேட்கவேயில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் ஒரு விரல் மட்டும் பெட்டியின் ஓரத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்ததும் அப்பா தலையை எடுத்தார். கன்னத்தில் மரத்தின் விளிம்பு சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது. அக்காவைத் தேடிப் பார்த்தார்.

“ரெண்டாவது அடிக்கு முந்தி மூச்சு எடுக்க மறந்திட்டாய் புள்ள. கடைசிச் சொல் தேய்ஞ்சு போச்சு.”

அக்கா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதாள். அம்மாவும் சேலைத் தலைப்பை எடுத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வகுப்பே கூடி நிற்கிற இடத்தில், நாடே கேட்ட பாட்டில், கந்தோர்ப் படத்தில் கோடு பார்க்கிற மாதிரிப் பிழை பிடிக்கிறாரே! அப்பாவின் காதுகள் சில வருடங்களாகவே அடைத்துக்கொண்டு வந்தன என்பதும், அக்கா எவ்வளவு கிட்ட நின்று பாடினாலும் அவருக்கு அது வெறும் வாயசைப்பாகிவிட்டது என்பதும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியாது. செய்தி கந்தோர்வரை போய் வேலைக்கு ஆபத்தாகிவிடும் என்று என் வாய்க்குப் பயந்து மறைத்திருக்கிறார்கள். காது விட்டுவிட்டதை மரமும் கன்னத்து எலும்பும் உள்ளே கொண்டு போகும் என்பதெல்லாம் நான் பெரியவனான பிறகு அறிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவர் அக்காவை அழவைத்துவிட்டார் என்பதுதான்.

நியாயத்தின் பக்கம் நிற்பதென்று உறுதியாக முடிவெடுத்தேன். பெடியன்கள் போய், மழை விட்டு, அம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரைக்கும் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரோ கன்னத்தைப் பெட்டியில் வைத்தபடி, வானிலை அறிக்கையைக் கேட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருப்பதை அவர் கவனிக்கவே இல்லை.