உள்ளே மல்லிகா, எரியும் ஸ்டவ்

1. குரும்பலூரில் அண்ணன் வீட்டு அடுப்படியில் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினேன்.
2. தண்ணீர் எடுக்கக் கொல்லைக்குப் போனேன்.
3. அண்ணன் மகள் மல்லிகா, ஆறு வயது, விளையாட்டாகக் கொல்லைக் கதவை உள்ளே தாழிட்டாள். வாசல் கதவும் உள்ளே தாழிட்டிருந்தது; வீட்டில் வேறு யாரும் இல்லை.
4. தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது.

டிப்ளமா படித்த நான், கதவைத் தள்ளு, குமிழைத் தூக்கு, இழு என்று மூன்றையும் ஒரே மூச்சில் கத்தினேன். பால் பொங்கிக் கருகும் வாடை வந்தது.

"எதை அத்தை மொதல்ல பண்றது?" என்று அழுதாள்.

சுரீரென்று உறைத்தது.

"ஸ்டவ்வுகிட்ட போவாத கண்ணு. தோளால கதவைத் தள்ளு, அது மட்டும் போதும். தள்ளிட்டியா?"

"தள்ளிட்டேன்."

"அப்படியே நின்னுக்கிட்டு குமிழைத் தூக்கு."

"தூக்கிட்டேன்! நீ சொல்லாத அத்தை, நானே சொல்றேன். இப்ப இழுக்கணும்!"

படீரென்று தாழ் விலகியது! பாய்ந்து போய் ஸ்டவ்வை அணைத்தேன். அவளோ குதித்தாள். "இன்னொரு வாட்டி தாப்பா போடட்டுமா?"

என் ஊரான அரியலூரில் மாலை வேளையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். இப்போதெல்லாம் ஒரு படியைச் சொல்லி, "ஆச்சு" என்று பதில் வந்த பிறகே அடுத்ததைச் சொல்கிறேன். கடைசிப் படியைச் சொல்வதே இல்லை. அதை அவர்களே கண்டுபிடித்துக் கத்துகிறார்கள். அண்ணன் அந்தத் தாழ்ப்பாளை மல்லிகாவுக்கு எட்டாத உயரத்தில் மாற்றிவிட்டார்.