சைபர் காட்டிய மீட்டர்

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் நானும் என் கூட்டாளியும் சேர்ந்து வயரிங் வேலை பார்த்தோம். தொண்ணூறுகளில் நான் ஒரு டிஜிட்டல் கிளாம்ப் மீட்டர் வாங்கினேன். வயரைச் சுற்றிக் கவ்வவிட்டால், அதில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று எண்ணில் காட்டும். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. லைன் இருந்தால் எரியும் டெஸ்டரைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதே கௌரவக் குறைச்சலாகிவிட்டது.

கூட்டாளி யார் என்ன சொன்னாலும் வயரை முதலில் புறங்கையால்தான் தொடுவான். ஷாக் அடித்தால் விரல்கள் மடங்கும். உள்ளங்கை என்றால் வயரையே இறுகப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் விலகிவிடும். "பயந்தாங்கொள்ளி" என்று கிண்டல் செய்வேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மெயினை அணைத்துவிட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். மீட்டரை வயரில் கவ்வவிட்டேன். சைபர்.

"லைன் இல்ல மச்சான், கை வை."

அவன் குனிந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. மோட்டார்தான் ஓடவில்லையே, வயரில் கரண்ட் ஓடாதே, மெயின் போட்டிருந்தாலும் இது சைபர்தானே காட்டும்? நான் வாய் திறப்பதற்குள் அவன் பின்னால் போய் விழுந்தான்.

புறங்கைதான் காப்பாற்றியது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினான். முகம் வெளுத்திருந்தது. "இன்னா மச்சான், லைன் இல்லன்னியே?"

"நான் பாக்கும்போது இல்ல. அப்புறம் யாரோ மெயினைப் போட்டுட்டாங்க."

நாக்குக் கூசாமல் சொன்னேன். அவன் வீட்டுக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தான். எந்த மெயினை அணைத்தோம் என்று அவருக்கே நிச்சயமில்லை போல, பாவம், திருதிருவென்று விழித்தார்.

அடுத்த வாரம் இரும்புலியூரில் ஒரு மாவு மில்லில் வேலை. அங்கேயும் மோட்டார்தான் ஓடவில்லை. கூட்டாளி மெயினை அணைத்து, மில்காரரை அதன் பக்கத்திலேயே நிற்கவைத்துவிட்டு வந்தான். பொய் வெளிவராமலிருக்க நான் மீட்டரையே கவ்வவிட்டேன். மறுபடி சைபர்.

அவன் வயரைப் பிடித்து இழுக்க விரல்களை விரித்தான். உள்ளங்கை.

"புறங்கையால தொடேன்டா" என்றேன்.

"எதுக்கு? மெயின்கிட்ட ஆளு கீது. மீட்டரும் சைபர். அப்புறம் இன்னா?"

நான் சொன்ன பொய்க்கு அவன் காவல் போட்டிருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"தொடாத! அன்னிக்கு யாரும் மெயினைப் போடல. நான்தான் தப்பாப் பாத்தேன். இப்பவும் அதே மாதிரிதான் பாத்திருக்கேன்."

மில்காரர் அங்கிருந்து எட்டிப் பார்த்தார். கூட்டாளி என்னைத் திட்டுவான், அறைவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். அவன் கையை நீட்டி என் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்தான். வைத்துப் பார்த்தான், எரியவில்லை. பிறகு புறங்கையால் தொட்டான். அதன் பிறகுதான் வயரைப் பிடித்தான்.

அதற்கப்புறமும் பல வருஷம் சேர்ந்தே வேலை செய்தோம். ஒரே டீயை இரண்டாக வாங்கிக் குடித்தோம். ஆனால் லைன் இருக்கிறதா என்று அவன் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.