இடது பின் ஸ்பீக்கர்

சவூதியில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் மெக்கானிக்காகவே சேக் பரீதின் இளமை கழிந்தது. சொந்த ஊரான கம்பத்துக்கு ஒரேயடியாகத் திரும்பியபோது அவருக்கு ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. மாடி அறையில் ஒரு ஹோம் தியேட்டர். கேம்ப் கட்டிலில் படுத்து, காதில் இயர்போன் மாட்டி, செல்போனில் தனியாகப் படம் பார்த்த ராத்திரிகளிலெல்லாம் அந்த அறையை மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்தவர் அவர். சோபா நிறைய வீட்டு ஆட்கள், நாலு பக்கமும் சத்தம். போனில் சொன்னால் மனைவி சல்மா சிரிப்பாள்: "மொதல்ல நீங்க வந்து சேருங்க."

வந்து சேர்ந்ததும் உத்தமபாளையத்திலிருந்து ஸ்பீக்கர் மாட்டும் வேலை பார்க்கும் சுருளிராஜனை வரவழைத்தார். அவன் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஸ்பீக்கர்களை மாட்டி, மூலையில் அதிரும் சத்தத்துக்கான சப்வூஃபரை வைத்தான். பரீத் உட்காரும் இடத்தில், தலை உயரத்துக்கு ஒரு மைக்கை நிறுத்தினான். ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சத்தம் விட்டு, கேட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தது.

"முடிஞ்சது பாய். இப்ப உங்க காதால ஒருக்கா பாத்துருங்க."

இரைச்சல் ஒன்று ஸ்பீக்கர் ஸ்பீக்கராகச் சுற்றி வந்தது. முன் இடது கொஞ்சம் அமுங்கி, நடு, முன் வலது, பின் வலது. கடைசியாக இடது பின்னால் வந்தபோது பக்கத்து வீட்டில் எதுவோ ஓடுவதுபோல இருந்தது.

"அங்கன சரியா ஓடலையே தம்பி."

சுருளிராஜன் வயரை மாற்றினான். பிறகு ஸ்பீக்கரையே கழற்றி வலதை இடதுக்கு மாட்டினான். அப்போதும் அப்படியேதான். டீ கொண்டுவந்த மகள் ஷர்மின் அவர் இடத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"பின்னாடி ரெண்டும் ஒண்ணு போலத்தேன் இருக்கு அத்தா."

சுருளிராஜன் சற்றுத் தயங்கினான். "பாய், செவத்தப் பாத்துத் திரும்பி உக்காருங்களேன்."

பரீத் பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இரைச்சல் மறுபடி சுற்றியது. நன்றாகக் கேட்ட மூலைகள் இப்போது அமுங்கிப்போயிருந்தன. மந்தம் அவரோடு சேர்ந்து திரும்பியிருந்தது.

எஞ்சினில் கோளாறு எங்கே என்று பிடிக்க, அவர் எப்போதும் இடது காதைத்தான் அதன் பக்கம் சாய்ப்பார். கம்பெனியில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்தக் காதுதான்.

தேனி டாக்டர் இடது காது நரம்பு முக்கால்வாசி செத்துவிட்டது என்றார், வலதும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார். காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு கேட்கும், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது இனிச் சரியாகப் பிடிபடாது.

"என்ன சொன்னாக?" என்று வாசலிலேயே நின்று கேட்டாள் சல்மா. அவர் சொன்னதும் அவள் முகம் கோணியது. "வந்ததுலேருந்து கூப்பிட்டாத் திரும்ப மாட்டீங்க. எம்மேல என்னமோ கோவம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேங்க."

சுருளிராஜன் மறுபடி வந்து இடப்பக்கத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனான். ஓரிடத்தில் "போதும், போதும்" என்று பரீத் கையை உயர்த்தினார். சத்தம் அவரைச் சுற்றி வட்டமாக நின்றது. கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாப்பிட்டதும் எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மருமகன் இத்ரீஸ் இடது ஓரத்திலிருந்து எழுந்து வலது ஓரத்துக்குப் போனான். ஷர்மின் காதைப் பொத்திக்கொண்டாள். "மண்டைக்குள்ள இடிக்குதுங்க" என்று சல்மா கீழே இறங்கினாள். ஷர்மின் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாகப் போனாள். இத்ரீஸுக்கு ஒரு போன் வந்தது. பரீத் கடைசிவரை பார்த்தார். ஒரு சத்தம்கூடத் தப்பவில்லை. சோபாவில் அவர் மட்டும்தான் இருந்தார்.

மறுநாள் சுருளிராஜனைக் கூப்பிட்டார். "பழைய லெவலுக்கே வச்சிரு தம்பி."

"ரெண்டு லெவலையும் சேவ் பண்ணி வைக்கிறேன் பாய். தனியா பாக்குறப்ப உங்களுக்குள்ளதப் போட்டுக்கலாம்."

"தனியாப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் சோபா நிறைந்தது. இடது பின்னாலிருந்து குதிரையோ லாரியோ வரும்போது எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பும். அவற்றைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி தாமதமாக, பரீதும் திரும்புவார். படத்தில் சிரிப்புக் கட்டம் வந்தால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். சல்மா இதைக் கவனித்துவிட்டாள். அவளால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. அந்த ஐப்பசி மழைக்குள் வலது காதும் பாதிக்கு மேல் போய்விட்டது. பாங்கு சத்தம் எந்தப் பள்ளியிலிருந்து வருகிறது என்று தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்துத் தொழப் போனார்.

ரிமோட் இத்ரீஸ் கைக்குப் போய்விட்டது. படம் போடும்போது அவன் மாமனாரைப் பார்த்துத் திரும்பி, "சத்தம் போதுமா மாமா?" என்பான்.

பரீத் அவன் உதட்டைப் பார்ப்பார். "போதும், போதும்" என்பார்.