அரை டிக்கெட்டுக்கு அடங்காத பிள்ளை

தலையை இழுத்துப் பின்னியதில் என் கண் இரண்டும் மேலே ஏறி நின்றன. இரட்டைப் பின்னல், சிவப்பு ரிபன், நெற்றியில் வழிகிற தேங்காய் எண்ணெய்... அதற்கு மேல் முழங்காலைத் தொடாத பழைய பூச்சட்டை. கக்கத்தில் தையல் பிரிந்து காற்றுப் புகுந்தது.

எனக்கு அப்போது வயது பதினாலு.

அறுபதுகளின் தொடக்கம். அறுவடை முடிந்து, சூடு மிதித்து நெல் வீட்டுக்கு வந்த பிறகு, கிளிநொச்சிக்குப் பக்கத்து அக்கராயனிலிருந்து அம்மாவும் நானும் மூன்று நாளைக்கு யாழ்ப்பாணம் பார்க்கப் புறப்பட்டோம். தங்குவது கொக்குவிலில் பெரியம்மா வீட்டில். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் செலவில்லை. பஸ் காசு மட்டும்தான் செலவு. அதையும் எப்படிக் குறைப்பது என்பதுதான் அம்மாவின் ஒரே யோசனை.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் அரை டிக்கெட். அதற்குத்தான் இந்தப் பின்னலும் சட்டையும்.

"கொண்டக்டர் வந்தால் குனிஞ்சு கொண்டிரு. வாயைத் திறவாத. கேட்டால் பதினொண்டு எண்டு நான் சொல்லுவன்."

"எனக்கு வெக்கமாக் கிடக்கு அம்மா."

"என்ன வெக்கம்? உன்னை இஞ்ச ஆருக்குத் தெரியும்?"

இதில் எனக்குப் பொறுக்க முடியாதது என்ன தெரியுமா... முந்தின வருஷம்தான் பந்தல் போட்டு, அயலூருக்கெல்லாம் சொல்லி எனக்குச் சாமத்தியச் சடங்கு செய்தார்கள். அதோடு பள்ளிக்கூடமும் நின்றது. "பெரியபிள்ளை இனி றோட்டாலை போய் வரக்கூடாது" என்று சொன்னதும் இதே அம்மாதான். ஊரைக் கூட்டிப் பெரியவளாக்கிவிட்டு, கிளிநொச்சி பஸ்ஸில் ஏறியதும் சின்னவளாக்கினால் நான் என்ன செய்வது?

முதல் நாள் தப்பிவிட்டோம். கண்ணை மூடி, அம்மாவின் மடியில் சாய்ந்து, நித்திரை மாதிரிக் கிடந்தேன். ஒவ்வொரு முறையும் டிக்கெட் கிழிக்கிற சத்தம் கிட்ட வரும்போது கண்ணை இன்னும் இறுக்கி மூடுவேன். யாராவது என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டால்? வீட்டுக்கு ஆள் வந்தாலே குசினிக்குள், அடுப்படிக்கு ஓடுகிறவள் நான்.

அரை டிக்கெட்டோடு அம்மாவின் சிக்கனம் நிற்கவில்லை. காசு கூடுகிற பஸ் தரிப்புக்கு முந்தின தரிப்பிலேயே இறங்கிவிடுவோம். மிச்சத் தூரம் கொதிக்கிற தாரில் நடை. நடந்து முடிய அம்மாவுக்குத் தலை சுற்றும். உடனே கடைக்குள் போய் ஆளுக்கொரு சோடா! அந்தச் சோடாக் காசுக்கு நாங்கள் டவுனுக்கும் கொக்குவிலுக்குமாக இன்னொரு தரம் பஸ்ஸிலேயே போய் வந்திருக்கலாம். சொன்னால் கேட்பாரா?

"சோடா வயித்துக்குள்ள போகுது. பஸ்காசு அவனுக்கெல்லோ போகுது!"



இரண்டாம் நாள் பின்னேரம் டவுனிலிருந்து ஏறின பஸ்ஸில் சனம் நிறைந்திருந்தது. இடமில்லை. நித்திரை வேஷம் போட முடியாமல் நின்றேன். கொண்டக்டர் இளம் பெடியன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இவவுக்கு அரையோ? என்ரை உயரம் நிக்கிறா."

"அது தகப்பன்ரை வளத்தி தம்பி. எங்கட குளத்துத் தண்ணியும் அப்பிடி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"எத்தினையாம் வகுப்பு தங்கச்சி?"

"ஆறு" என்றார் அம்மா.

"உங்களை இல்லை அம்மா, பிள்ளையைக் கேட்டனான்."

முழு பஸ்ஸும் என்னைப் பார்த்தது. ஆறு என்று சொன்னால் முடிந்தது. ஆனால் நான் விட்டுவந்த வகுப்பு, மேசை, நான் இருந்த இடத்தில் இப்போது இருக்கிற பிள்ளை எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. என்னை அறியாமலே வாய் திறந்துவிட்டது.

"நான் படிக்கேல்லை. பெரியபிள்ளையாயிட்டன் எண்டு நிப்பாட்டிப் போட்டினம்."

 மீன் கடகத்தோடு இருந்த ஒரு மனிசி, "அப்ப பஸ்ஸுக்கு மட்டும்தானோ சின்னன்?" என்று கேட்டு வெடித்துச் சிரித்தார். கொண்டக்டர் சிரிக்கவில்லை. ஒரு முழு டிக்கெட்டைக் கிழித்து என் கையில் தந்தான். அம்மா காசைக் கொடுத்துக்கொண்டே என் கையில் கிள்ளின கிள்ளு ஒரு கிழமைக்கு நீலமாக நின்றது.

 மூன்றாம் நாள் விடிய, ஊருக்குத் திரும்பும் நேரம், பெரியம்மா வீட்டில் கிடந்த ஒரு பழைய பாவாடை தாவணியை வாங்கி என் மடியில் போட்டார்.

"இந்தா, கட்டு. முழு ரிக்கற்றே எடுக்கிறன். போதுமே?"

கிளிநொச்சி வரைக்கும் முழு டிக்கெட்டோடு ஜன்னல் பக்கம் இருந்து வந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்கு வந்ததும் தாவணியோடு பழையபடி குசினிக்குள்...

இப்போது என் பேத்தி படிப்புக்கென்று யாழ்ப்பாணத்துக்குத் தனியாக பஸ் ஏறுகிறாள். காதில் பாட்டு, கையில் ஃபோன். மிச்சக் காசு தராவிட்டால் கொண்டக்டரோடு நின்று சண்டை பிடிப்பாள். பார்க்க ஆசையாகவும் இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது.

அம்மா கடைசிக் காலம் வரைக்கும் வந்து போகிற ஆட்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். "ஒரு முழு ரிக்கற்றுக்காக என்ரை மானத்தை வாங்கினவள்" என்பார்.

நான் அன்றைக்குக் கேட்டது டிக்கெட் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.