ரிசல்ட் வந்தாதான் நிக்காஹ் தேதி

ரத்தம் எடுக்கிறவ முகத்தை யாரும் ஞாபகம் வெச்சுக்கிறதில்ல. குத்தும்போது எல்லாரும் சுவரைத்தானே பார்க்கிறீங்க! நீங்களும் அந்த நாற்காலியில பல்லைக் கடிச்சவங்கதான், அதனால உங்ககிட்ட சொல்லலாம். வேலூர்ல ஒரு லேப்ல எனக்கு வேலை. ஒடுகத்தூர் பஸ்ல தூங்கி வழிஞ்சு வந்து இறங்குறப்ப பாதிக் கனவு கண்ணுலயே ஒட்டியிருக்கும்.

நம்பர் டூ சரக்கு

அன்வர் பாய் மட்டும் சுவரைப் பார்க்க மாட்டார். ஆம்பூர்ல தோல் தரம் பிரிக்கிறவர். தொண்டையில வைரஸால வந்த கேன்சர். ஆபரேஷன் பண்ணிக் கட்டியை எடுத்தாச்சு. அந்த வைரஸோட துணுக்கு ஏதாவது ரத்தத்துல மறுபடி மிதக்குதான்னு பார்க்க, சில மாசத்துக்கு ஒருதரம் என்கிட்ட கையை நீட்டுவார். மக நிக்காஹ் பேசி முடிச்சாச்சு. ரத்தம் சுத்தம்னு ரிசல்ட் வந்தாதான் தேதி வைப்பேன்னு ஒரே பிடிவாதம்.

ஒருநாள் முழங்கையை ஜன்னல் வெளிச்சத்துல திருப்பி, பழைய ஊசித் தடங்களைக் கட்டைவிரலால நீவிப் பார்த்தார். தொழில் புத்தி எங்க போகும்?

"இத்தினி ஓட்டை இருந்தா நம்பர் டூ சரக்குதாம்மா. எக்ஸ்போர்ட்டுக்குப் போவாது."

வெறும் வயிறு

இந்த டெஸ்ட்டுக்குச் சாப்பிட்டுட்டே வரலாம்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். மனுஷன் பட்டினியாவே வந்து, நாற்காலியிலயே சாஞ்சுட்டார். பதறிப்போய் முகத்துல தண்ணி தெளிச்சேன். கண்ணைத் திறந்ததும் திட்டு திட்டுன்னு திட்டினேன்.

"ஆம்பூர்க்காரன் ரத்தம்மா. மசாலா வாசத்துல மிஷினு குழம்பிப்போய் வைரஸை வுட்டுட்டா இன்னா பண்றது?"

தனி டம்ளர்

அவர் சம்சாரம் நசீமா அக்கா பிளாஸ்க்ல டீ கொண்டாருவாங்க. பாய்க்கு மட்டும் தனி டம்ளர். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. டம்ளர்ல எல்லாம் அந்த நோய் ஒட்டாதுக்கா, கூட வாழ்றவரை இப்படியா ஒதுக்குவீங்கன்னு கேட்டே புட்டேன். பாய் கைகழுவப் போன நேரம் பார்த்து, அக்கா அவர் டம்ளர்ல மிச்சம் இருந்த டீயைக் குடிச்சாங்க.

"எனக்குத் தெரியும்மா. அவருதான் பயந்துக்குனு தனியா கேக்குறாரு. அவரு பார்க்காதப்ப தினம் இதுலதான் குடிக்கிறேன்."

தேதி

ரத்தம் எடுத்ததும் டியூபை மெல்லத் தலைகீழாத் திருப்பித் திருப்பிக் கலக்கணும். கடைசியா அவர் ரத்தம் குடுத்தப்ப, அந்தச் சிவப்பு மேலயும் கீழயும் நகர்றதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஜன்னல் வெயில் அதுல பட்டு, உள்ள ஒரு கல்யாண மண்டபமே சீரியல் லைட் போட்டு மிதக்குற மாதிரி இருந்துச்சு. சாமி, இது சுத்தமா இருக்கட்டும்னு டியூப்கிட்டயே வேண்டிக்கிட்டேன். வேற யார்கிட்ட கேக்குறது?

அப்புறம் ஒருநாள் பாய் வந்து உட்கார்ந்தார். சட்டைக் கையை மடிக்கல. ரத்தம் சுத்தம்னு டாக்டர் சொல்லிட்டாராம். அடுத்த டெஸ்ட் எப்போன்னு மெல்லக் கேட்டேன்.

"அதுக்கு முந்தியே நிக்காஹ் வெச்சுட்டேம்மா. அடுத்தது இன்னா சொல்லுமோ, யாருக்குத் தெரியும்? எனக்கு பிரியாணி இன்னும் சரியா இறங்கல. என் பங்கையும் நீதான் வந்து சாப்பிடணும்."

முகத்தை யாரும் பார்க்காத தொழில்தான், ஆனா நிக்காஹ் விருந்துல நான் யாருன்னு நசீமா அக்கா சொன்னதும், பொம்பளைங்க பந்தி மொத்தமும் என் முகத்தையே பார்த்துக்கிட்டு அவங்கவங்க கையை முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிச்சு.