மழையில் நின்ற இரண்டு நிமிடம்

ஏட்டு கருணாகரன் இருபத்தாறு வருஷம் போலீசில் மஃப்டி வேலை பார்த்து, 1970-ல் ஓய்வு பெற்றார். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் துப்பாக்கியை நீட்டியதில்லை. யாராவது ஒருவருடைய வீட்டுக்கு எதிரே போய் நிற்பார். யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்த்து எழுதிக் கொடுப்பார். எங்கே நின்றோம் என்பதை வீட்டில் சொல்லக்கூடாது. மனைவி தேவானை முதல் சில வருஷம் கேட்டாள், பிறகு விட்டுவிட்டாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் அவரை அதிகம் உறுத்தியது.

மறுவருஷம் அவருடைய கோபாலபுரத்து வீட்டுக்கு டைரக்டர் கல்யாணராமன் தேடி வந்தார். ஒரே உளவாளியை வைத்து வரிசையாக இரண்டு படம் எடுத்தவர். கடலுக்கடியில் வில்லனின் குகை, சுவர் முழுக்க மினுக்கும் சிவப்பு பச்சை பல்புகள், குண்டு பாயும் பேனா என்று இரண்டும் அமர்க்களமாக ஓடின. பத்திரிகைக்காரர்கள்தான் கேலி செய்து தள்ளினார்கள்.

"மூணாவது படமாவது நெஜமா இருக்கணும்னு பார்க்கறேன். நீங்கள்லாம் எப்படிப் பண்ணுவேள், ஏட்டு சார்?"

"நிப்போம் சார்."

"நின்னு?"

"நின்னுக்கினே இருப்போம்."

கல்யாணராமன் சிரிக்கவில்லை, நோட்டை எடுத்தார். எந்த வழக்கையும் தொடாமல், தொழிலை மட்டும் கருணாகரன் சொன்னார். பேப்பர் வைத்திருந்தால் பக்கம் திருப்ப வேண்டும். தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது. பஸ் நிறுத்தத்தில் மழை பிடித்துக்கொண்டால் கூரையின் ஒழுகும் ஓரத்தில்தான் நிற்க வேண்டும். அங்கிருந்துதான் எதிர்வாசல் தெரியும். மயிலாப்பூர் லஸ் முனையில் அப்படியே படம் பிடித்தார்கள்.

போட்டுப் பார்த்த விநியோகஸ்தர்கள், "இன்னா சார், ஹீரோ நின்னுக்கினே கீறாரு?" என்று கையை விரித்துவிட்டார்கள். குகை திரும்ப வந்தது. பல்புகள் இரண்டு மடங்காயின. கருணாகரன் சொன்னதில் இரண்டு நிமிடம்தான் மிஞ்சியது என்று கேள்விப்பட்டபோது அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. படத்துக்கே போக வேண்டாம் என்றிருந்தார்.

தேவானை விடவில்லை. முதல் இரண்டு படத்தையும் தங்கையோடு பார்த்து ரசித்தவள் அவள். தியாகராய நகரில் மேட்னிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வில்லன் பொத்தானை அழுத்த, தரை பிளந்து முதலைக் குளம் தெரிந்தபோது, "அய்யே, பாருய்யா!" என்று அவர் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. வசனம் கிடையாது. மழை. ஒழுகும் ஓரத்தில் உளவாளி நிற்கிறான். பஸ்கள் வந்து வந்து போகின்றன. அவன் வீட்டில் மனைவி சோற்றைத் தட்டு போட்டு மூடிவைக்கிறாள். பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான்.

தேவானையின் சிரிப்பு நின்றிருந்தது.

"நீ இப்பிடித்தான் நின்னுக்கினு இருந்தியா?"

"ஆமா."

"நம்ம பொண்ணு செல்வி பொறந்த அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான். நல்ல மழை."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இடைவேளையில் மெதுவாகச் சொன்னாள்: "நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்யா. வேற ஊடு வச்சிக்கிறியோன்னுகூட."

மறுநாள் காலை அவர் அபிராமபுரத்தில் கல்யாணராமன் வீட்டுக்குப் போனார். டைரக்டர் முந்திக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்கோ. நீங்க சொன்னதையெல்லாம் வெட்டிட்டேன்."

"அந்த ரெண்டு நிமிஷம் வச்சீங்களே சார், அது போதும். இருபத்தாறு வருஷமா என் வாயால சொல்ல முடியாதத நீங்க என் பொஞ்சாதிக்குச் சொல்லிட்டீங்க."

"படம் பூரா பல்புதானே இருக்கு..."

"பல்பு இல்லேன்னா அவ வந்தே இருக்கமாட்டா சார்" என்று கருணாகரன் கை கூப்பினார். கல்யாணராமன் உள்ளே திரும்பி, இரண்டு காபி கொண்டுவரச் சொன்னார்.