ரேடியேட்டரில் ஊற்றிய கிணற்றுத் தண்ணீர்

ஷேக் தாவூது தன் காரின் நாலு பிளக்கையும் கழற்றி வைத்துக்கொண்டு, முனையில் படிந்த கரியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை தவறாமல் செய்கிற வேலை. தேய்த்ததும் மெல்லிய தகடு ஒன்றை முனைக்கு நடுவில் விட்டு இடைவெளியைச் சோதிப்பார். தகடு உரசிக்கொண்டு போகவேண்டும். தொளதொளவென்று போனால் தட்டி இறுக்குவார்.

கோட்டைப்பட்டினத்தில் 1957-இல் வாடகைக்கு ஓடிய கார் அது ஒன்றுதான். சீமையில் செய்து, மூன்று கை மாறி அவரிடம் வந்த சின்ன பெட்ரோல் வண்டி. நாலு சிலிண்டர், ஆயிரம் சி.சி.க்குக் கொஞ்சம் குறைவு, முப்பது குதிரை சக்திகூடக் கிடையாது. கேலனுக்கு முப்பது மைல் கொடுக்கும். ரேடியேட்டர் அரைக்குடம் தண்ணீர் பிடிக்கும். இதையெல்லாம் தாவூது கேட்காதவர்களுக்கும் சொல்வார். யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரி வாயுவில் ஓடியபோது, பதினெட்டு வயதில் கிளீனராகச் சேர்ந்து, விடியற்காலையில் பஸ்ஸின் கரி அடுப்புக்குக் காற்றடிக்கும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தோள் இறங்கிப்போனவர். அதனால் பெட்ரோல் என்ஜின் மேல் அவருக்கு ஒரு மரியாதை. நாலு வருஷமாக அந்த வண்டி அவரை நடுவழியில் விட்டதில்லை.

கத்திரி வெயில் ஏறிய நேரம் முகம்மது கனி ஓடி வந்தான். சொந்த மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவன், தாவூதுக்குத் தூரத்து மைத்துனன்.

"மச்சான், வண்டிய எடுங்க. புள்ள பொறந்துருச்சு. ரத்தம் நிக்கல."

தாவூது பிளக்குகளை மாட்டி முறுக்கிக்கொண்டே, "நர்ஸம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"அவங்கதான் அனுப்புனாங்க."

கனியின் மனைவி பரக்கத் நிஷாவைப் பாயோடு தூக்கி வந்து பின்சீட்டில் கிடத்தினார்கள். குழந்தையைப் பரக்கத்தின் தாய் சாரா உம்மாளிடம் விட்டாயிற்று. நர்ஸ் செபமாலை கால்மாட்டில் குந்தி, ஒரு கையால் பரக்கத்தின் அடிவயிற்றைத் தேய்த்தபடியே கதவைச் சாத்தினாள். நஞ்சுக்கொடி பாதி உள்ளேயே நின்றுவிட்டது. கையிலிருந்த ஒரே ஊசியையும் போட்டாகிவிட்டது. அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விட்டு எடுத்தால்தான் ரத்தம் நிற்கும். இருபது மைலுக்கு மேல் போகவேண்டும்.

"எம்புட்டு நேரமாகும்?" என்றாள்.

"ஒரு மணிக்குள்ள போயிரலாங்க."

"போயிரணும்."

மீமிசல் தாண்டும்வரை வண்டி நன்றாகவே ஓடியது. ஆவுடையார்கோயில் ரோட்டில் எதிர்க்காற்றில் மிதித்துப் பிடித்தபோது இழுவை குறைந்தது. பிறகு தட்டல் சத்தம். பிறகு ரேடியேட்டர் மூடியின் ஓரத்தில் ஆவி சீறியது. தாவூது புளியமரத்தடியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். மேல்பாதி கொதித்தது. கீழ்பாதி குளிர்ந்து கிடந்தது.

அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே குழாய்கள் அடைபட்டு, தண்ணீர் கீழே இறங்கவில்லை. அடைத்தது உப்பு. கோட்டைப்பட்டினத்துக் கிணறுகளில் தண்ணீர் கரிக்கும். குடிக்கிற நல்ல தண்ணீரை கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊருணியிலிருந்து பெண்கள் தலையில் சுமந்து வருவார்கள். வண்டி வாங்கிய புதிதில் அவர் அதில் அரைக்குடத்தை ரேடியேட்டரில் ஊற்ற, தெருவே திரண்டு கேட்டது. "மூணு மைல் செமந்தது ஒம் பொண்டாட்டி வாயில ஊத்தவா, தகரத்து வாயில ஊத்தவா?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அன்று முதல் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர்தான். எண்ணெய் மாற்றத் தெரிந்தவர், பிளக் தேய்க்கத் தெரிந்தவர், தண்ணீரும் என்ஜினுக்குள் போகிற சரக்குதான் என்பதை நாலு வருஷம் யோசிக்கவில்லை.

கனி தோண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வழிக்கென்று வீட்டில் கொடுத்த குடிதண்ணீர்.

"ஊத்துங்க மச்சான்."

"இப்ப ஊத்துனா இரும்பு வெடிச்சுரும். ஆறணும். அரை மணி நேரம்."

செபமாலை வண்டிக்குள்ளிருந்து பேசினாள். "அரை மணி இவகிட்ட இல்ல தாவூது. நாடி கைக்குத் தட்டுப்படல."

பரக்கத் தண்ணீர் கேட்டாள். செபமாலை தோண்டியை வாங்கி, துணியை நனைத்து உதட்டில் பிழிந்தாள். இரண்டு மடக்கு கொடுத்தாள். மீதியைத் தாவூதிடம் நீட்டினாள்.

அவர் என்ஜினை மறுபடி கிளப்பிவிட்டு, ஒரு சாக்கைச் சுற்றிப் பிடித்து மூடியைத் திருகினார். ஆவி முழங்கையைச் சுட்டது. கையை எடுக்காமல், என்ஜினை ஓடவிட்டபடியே, நூல்போல ஊற்றினார். பாதி ஊற்றுமுன் உள்ளே ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த மூங்கில் பிளக்கிற மாதிரி. என்ஜின் இரண்டு முறை குலுங்கி நின்றது. எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவினார். எண்ணெயில் தண்ணீர் கலந்து மோர்போல வெளுத்திருந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் செபமாலை.

"முடிஞ்சுதுங்க."

வைக்கோல் ஏற்றி வந்த மாட்டுவண்டியைக் கனி மறித்தான். வைக்கோலில் பாதியைத் தள்ளிவிட்டு அவளை ஏற்றினார்கள். ஆவுடையார்கோயில் கண்ணுக்குத் தெரியுமுன்பே செபமாலை தேய்ப்பதை நிறுத்தி, பரக்கத்தின் கண்களை மூடினாள். வந்த வழியே வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

திரும்பி நடக்கும்போது தாவூது செபமாலையின் பக்கத்தில் வந்தார். "போயிருந்தா பொழச்சிருப்பாங்களா?"

"பொழச்சிருக்கலாம்," என்றாள். "அங்க ரத்தம் ஏத்துற வசதி இல்ல. கொடிய எடுத்திருப்பாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. கையில இருக்குற கொப்புளத்த ஒடைக்காத."

மறுநாள் காலையில் அடக்கம் முடிந்தது. பள்ளிவாசல் வாசலில் நின்றவர்கள் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். ஓடுகிற வண்டி நிற்பதுண்டு, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்றார்கள். தாவூது எல்லார் பேச்சையும் கேட்டுவிட்டுக் கனியிடம் போனார்.

"வண்டி தானா நிக்கல. உப்புத் தண்ணி ஊத்தி நாந்தான் கெடுத்து வச்சிருந்தேன்."

கனி கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். "எங்கிட்ட சொல்லிட்டீங்க. அவ உம்மாகிட்டயும் நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்."

சாரா உம்மாள் வாசல் திரைக்கு உள்ளே இருந்தாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது. செபமாலை ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டிக்கொண்டிருந்தாள். தாவூது வெளியே நின்றபடி, கனியிடம் சொன்னதையே சொன்னார். தெருப் பெண்கள் சிரித்ததைச் சொல்லவில்லை.

திரைக்குள்ளிருந்து சாரா உம்மாள் கேட்டாள்.

"தாகமா இருந்துச்சா அவளுக்கு?"

"இருந்துச்சு மாமி. ரெண்டு மடக்கு குடிச்சாங்க."

"மிச்சம்?"

"வண்டிக்கு ஊத்துனேன்."

தாவூது வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, உள்ளே வரவும் சொல்லவில்லை. பிறகு செபமாலை ஒரு கிண்ணத்தைத் திரைக்கு வெளியே நீட்டி, "ஆட்டுப்பால் தீந்துபோச்சு, வாங்கிட்டு வா," என்றாள். அவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனார்.